போதைச் சிகிச்சையும் சட்டமும் செய்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு ஆண்டுகள் ஒரு நாளிதழின் இரவு மேசையில், வரும் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கும் வேலை பார்த்தேன். அதே காலத்தில்தான் என் அண்ணன் ஹெராயின் பழக்கத்தில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். இப்போது ஏழு ஆண்டுகளாகச் சிகிச்சையில் இருக்கிறார். இரண்டு பக்கமும் நின்றவன் என்று தெரிந்தால் ஆட்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைத் திரட்டி, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

போதைப் பழக்கம் நோயா, ஒழுக்கக் கேடா?

நோய். ஆனால் காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய் அல்ல, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மாதிரி நீண்ட நாள் கூடவே இருப்பது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த ஒப்பீட்டை எண்களோடு செய்தது. போதைச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மறுபடி பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்பத் தலைதூக்குவது இதைவிடக் குறைவில்லை, 50 முதல் 70 சதவீதம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டவரைப் பார்த்து ‘சிகிச்சை தோற்றது, இவர் திருந்த மாட்டார்’ என்று யாரும் சொல்வதில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கிறோம். போதை நோயாளியை மட்டும் வீட்டை விட்டு அனுப்புகிறோம்.

நோய் என்றால் அந்த மனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளிக்கும் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறது. அதற்காக அவரிடமிருந்து இன்சுலினைப் பிடுங்கி வைப்பதில்லை.

சூழலுக்கும் பெரிய பங்கு உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பிய பிறகு தேடிப் போய்ப் பேசினார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில் முதல் ஓராண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. இடம் மாறியது, பயம் போனது, பழைய ஆட்கள் இல்லை. அதற்காக ஊர் மாற்றினால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. பலருக்கு அந்தப் பயமும் பழைய ஆட்களும் சொந்த வீதியிலேயே இருக்கின்றன.

மன உறுதி இருந்தால் தானாகவே விட்டுவிடலாமே?

சிலர் விடுகிறார்கள். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, மது அல்லது போதைப் பிரச்சினையிலிருந்து மீண்டதாகச் சொன்ன பெரியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் எந்த உதவியும் பெறாமல் மீண்டிருந்தார்கள். மிச்சப் பாதிக்கு உதவி தேவைப்பட்டது. நம் வீட்டு ஆள் எந்தப் பாதியில் வருவார் என்று காத்திருந்து பார்ப்பது ஆபத்து.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் ‘இன்றோடு சரி’ என்று திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். தூக்க மாத்திரை வகைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இவற்றை மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். அறைக்குள் பூட்டி வைத்தால் மூன்று நாளில் தெளிந்துவிடுவார் என்ற நம்பிக்கையால் செத்தவர்கள் உண்டு.

மையத்தில் சேர்த்து, உடம்பிலிருந்து விஷத்தை இறக்கிவிட்டால் குணமாகிவிடுமா?

இல்லை. நச்சு நீக்கம் என்பது வாசற்படி. அதோடு நின்றுவிட்டால், ஓபியாய்டு வகைப் போதையில் (அபின், ஹெராயின் போன்றவை), முன்பு இருந்ததைவிட ஆபத்து கூடிவிடுகிறது.

தினமும் ஹெராயின் எடுப்பவரின் உடம்பு பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். ஒரு மாதம் எடுக்காமல் இருந்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். மனசு மட்டும் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். வெளியே வந்து ஒரு மோசமான நாளில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007இல் ஓர் அறிக்கை வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை மிகுந்து இறக்கும் வாய்ப்பு, வெளியே உள்ள சாதாரண மக்களைவிட 129 மடங்கு. சிறை வாசலில் அழைத்துப் போக ஆள் நிற்கும்போது மருந்தும் கூடவே நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹெராயின் பழக்கத்துக்கு மருந்தாக மெத்தடோன், பியூப்ரெனார்பின் கொடுப்பது ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைத் தருவதுதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டார்.

1965இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள், ஹெராயினுக்கு அடிமையான 22 பேருக்குத் தினமும் மெத்தடோன் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாதிருந்தவர்கள் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். ஹெராயின் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் போய் வருகிற உடம்பால் வேறு எதையும் நினைக்க முடியாது. மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்கச் சமமாக நிற்கும். பியூப்ரெனார்பின் இன்னும் ஒரு படி வித்தியாசமானது. மூளையில் ஹெராயின் போய்ச் சேரும் அதே பூட்டில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் பூட்டை முழுதாகத் திருகாது. வேறு எதையும் எளிதில் உள்ளே விடவும் செய்யாது. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பலன் என்ன? 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு பல நாட்டு நோயாளிகளின் இறப்பு விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மெத்தடோன் சிகிச்சையில் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால், சிகிச்சைக்கு வெளியே இருந்த காலத்தில் இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்கு. இவ்வளவு வித்தியாசம் காட்டும் மருந்து இதயநோய்க்குக் கிடைத்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்போம்.

எண்களை விடுங்கள், எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அண்ணன் காலையில் பல் துலக்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து நாக்கை ஈரமாக்கிக்கொண்டு, பியூப்ரெனார்பின் மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொள்வார். விழுங்கக் கூடாது, கரைய வேண்டும். கசப்பு, முகம் லேசாகச் சுளிக்கும். பத்து நிமிடம் பேச மாட்டார். அந்த நேரத்தில் ஏதாவது கேட்டால் தலையாட்டல்தான் பதில், கையால் ‘இரு’ என்று ஒரு சைகை. அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். அவர் கண்ணில் கிறக்கம் இல்லை, பேச்சில் குழறல் இல்லை. ஒரு வருடம் கழித்து அப்பா அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக ‘மாத்திரை தீரப்போகுதா?’ என்று கேட்பார்.

உடம்பு ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும் போதைக்கு அடிமையாக இருப்பதும் ஒன்றல்ல. வாழ்க்கை கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்க, கேடு தெரிந்தும் நிறுத்த முடியாமல் தேடி ஓடுவதுதான் அடிமைத்தனம்.

எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?

தேவைப்படும்வரை. சிலருக்கு ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுக்க. பொதுவாக எந்தச் சிகிச்சையும் மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பலன் மிகக் குறைவு. மருந்தை விட்ட முதல் நான்கு வாரங்களில் இறப்பு கூடுகிறது என்பதையும் மேலே சொன்ன அதே ஆய்வு காட்டியது. எனவே சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

மற்ற போதைகளுக்கும் மருந்து இருக்கிறதா?

மதுவுக்கு இருக்கிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை. ஆனால் குடிநோயாளிகளில் பெரும்பாலோரிடம் யாரும் இவற்றைச் சொல்வதே இல்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும், 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்களும் பலருக்கு உண்மையாகவே கைகொடுக்கின்றன. மருந்தா கூட்டமா என்று சண்டை போட வேண்டியதில்லை, இரண்டுக்கும் போகலாம். கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கிகளுக்கு இதுவரை உறுதியான மருந்து இல்லை. அங்கே பலன் தருவது ஒரு எளிய முறை. சோதனையில் போதை இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நன்றாக வேலை செய்திருக்கிறது.

நாலாக்சோன் என்பது என்ன? அது கையில் இருந்தால் தைரியமாக இன்னும் அதிகம் எடுக்க மாட்டார்களா?

ஓபியாய்டு மிகுந்து போனால் மூளை மூச்சு விடச் சொல்வதை மறந்துவிடும். நாலாக்சோன் மூளையில் ஒட்டியிருக்கும் போதையைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். 1971 முதல் மருத்துவப் பயன்பாட்டில் இருக்கிறது. இப்போது மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது. பயிற்சி இல்லாதவரும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க முடிகிறது.

தைரியம் தரும் என்பவர்கள் இதை எடுத்தவரின் நிலையைப் பார்த்ததில்லை. நினைவு திரும்பும்போதே வாந்தி, நடுக்கம், உடம்பெல்லாம் வலி என்று விலகல் வேதனை மொத்தமாக வந்து அடிக்கும். அதை நம்பி யாரும் விருந்து வைக்க மாட்டார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். உதடும் நகமும் நீலமாகி, கூப்பிட்டால் எழாமல், மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள், பிறகு நாலாக்சோன், செயற்கை மூச்சு. மருந்தின் பலன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். எழுந்துவிட்டார் என்று விட்டுவிட்டுப் போனால் உடம்பில் மிச்சமிருக்கும் போதை மறுபடி அவரைச் சாய்த்துவிடும். பக்கத்திலேயே இருங்கள். மூச்சு வருகிற நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மது, கொக்கைன் போன்றவற்றை இந்த மருந்து முறிக்காது. ஆனால் எதை எடுத்தார் என்று தெரியாதபோது கொடுப்பதில் கெடுதல் இல்லை.

ஃபென்டனில் தூளைத் தொட்டாலே போலீஸ்காரர்கள் மயங்கி விழுகிற வீடியோக்கள் வருகின்றனவே?

ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு கொடியது, அதில் சந்தேகமில்லை. ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம். ஆனால் தோலில் தற்செயலாகப் பட்டதாலோ பக்கத்தில் நின்றதாலோ போதை மிகுந்து விழ முடியாது. அமெரிக்காவின் இரண்டு நச்சியல் மருத்துவ அமைப்புகள் 2017இலேயே கூட்டாக அறிக்கை விட்டு, அப்படி நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று சொல்லிவிட்டன. விழுந்தவர்கள் நடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்தில் நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, தலை சுற்றி விழுவது நிஜமாகவே நடக்கும். ஆனால் ஃபென்டனில் மூச்சை அடக்கும், மூச்சு வாங்க வைக்காது. இந்த வீடியோக்கள் செய்யும் கெடுதல் ஒன்றுதான், சாலையோரம் நீலமாகிக் கிடப்பவரைத் தொடப் பயந்து ஆட்கள் விலகிப் போகிறார்கள்.

செய்தித்தாளில் என்ன வந்தால் என்ன? சட்டத்தை எழுதுவது அரசுதானே?

1986 ஜூன் மாதம். லென் பயஸ் என்ற 22 வயதுக் கூடைப்பந்து வீரரை அமெரிக்காவின் பெரிய அணி ஒன்று தேர்வு செய்தது. இரண்டே நாளில் அவர் கொக்கைனால் இறந்தார். அவர் எடுத்தது தூள் கொக்கைன். ஆனால் அப்போது எல்லாத் தலைப்பிலும் இருந்தது ‘கிராக்’, அதாவது அதே கொக்கைனைச் சமையல் சோடாவோடு காய்ச்சிக் கட்டியாக்கியது. ஏழை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் விற்றது. லென் பயஸைக் கொன்றதும் கிராக்தான் என்ற பேச்சு பரவியது. அந்த ஆண்டு முழுக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதையே காட்டின. தேர்தலும் வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் சட்டம் தயார்.

அந்தச் சட்டப்படி 500 கிராம் தூள் கொக்கைன் விற்கப் பிடிபட்டால் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. கிராக் என்றால் 5 கிராமுக்கே அதே ஐந்து ஆண்டு. வேதியியல்படி ஏறக்குறைய ஒரே பொருள், தண்டனையில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம். கிராக்குக்காகச் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல்தான் அந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள். ஒரு கோடைகாலத்துத் தலைப்புகள் எத்தனை குடும்பங்களின் மேல் எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தன என்று நினைத்துப் பாருங்கள். இரவு மேசையில் தலைப்பு வைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைத் தெரிந்துகொண்ட நாளில் கை கூசியது.

பத்திரிகைகள் வேண்டுமென்றே பொய் எழுதுகின்றனவா?

வேண்டுமென்றே எழுதிய பொய் அபூர்வம், ஆனால் உண்டு. 1980 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் எட்டு வயதில் ஹெராயினுக்கு அடிமையான ஒரு சிறுவனைப் பற்றிய கட்டுரை வந்தது. நகரமே பதறியது, போலீஸ் அந்தப் பையனைத் தேடியது. அடுத்த ஆண்டு கட்டுரைக்கு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய பரிசான புலிட்சர் பரிசும் கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு பையனே இல்லை. பரிசு திருப்பித் தரப்பட்டது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது நல்லெண்ணத்தோடு எழுதப்படும் தவறு. ‘கிராக் குழந்தைகள்’, அதாவது கர்ப்பத்தில் கொக்கைன் எடுத்த தாய்களுக்குப் பிறந்த குழந்தைகள் பற்றிய கதை அப்படிப்பட்டது. 1985இல் 23 குழந்தைகளை மட்டும் பார்த்து எழுதிய ஓர் ஆரம்பநிலை ஆய்வை வைத்துக்கொண்டு, ஒரு தலைமுறையே மூளை சிதைந்து வளரப்போகிறது என்று எழுதினார்கள். கர்ப்பிணிகள் மீது வழக்குப் போட்டார்கள், குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989இல் தொடங்கி, வேறொரு பிள்ளைகள் கூட்டத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்து வந்தார். கொக்கைன் பட்ட பிள்ளைகளுக்கும் அதே ஏழ்மையில் வளர்ந்த மற்ற பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு கூட்டத்தையும் பின்னுக்கு இழுத்தது வறுமை. முதல் செய்தி வந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த முடிவுக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவ இதழில் வந்தால் நம்பலாம்தானே?

என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து படித்தால் நம்பலாம். 1980இல் ஒரு பெரிய மருத்துவ இதழின் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியம் கொண்ட ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு வலிமருந்து பெற்ற 11,882 பேரில் அடிமையானவர்கள் நான்கே பேர் என்றது. அவர்கள் எல்லோரும் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த மருத்துவக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் அதைச் சான்றாகக் காட்டின. 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 மேற்கோள்கள். அவற்றில் 72 சதவீதம், இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது என்பதற்கான ஆதாரமாக. பர்டியூ என்ற நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலிமாத்திரையைக் கொண்டுவந்து அடிமையாகும் ஆபத்து குறைவு என்று விற்றது. அப்படித் தவறாக விற்றதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மாத்திரையில் தொடங்கி ஹெராயினுக்கும் பிறகு ஃபென்டனிலுக்கும் போனவர்களின் கணக்கு லட்சங்களில்.

போர்ச்சுகல் போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கிவிட்டதா?

இல்லை. இதைத் தவறாக எழுதாத செய்தியை நான் பார்த்ததே குறைவு. 2001 ஜூலை முதல், சொந்த உபயோகத்துக்காகப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பது அங்கே குற்றவழக்கு அல்ல, அவ்வளவுதான். பொருள் தடைசெய்யப்பட்டதுதான், விற்றால் சிறைதான். பிடிபட்டவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு சிறு குழுவிடம் அனுப்புகிறார்கள். சட்டம், சமூகப்பணி, உளவியல் தெரிந்தவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அடிமையாகவில்லை என்றால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுகிறார்கள், அடிமையாகியிருந்தால் சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள்.

அதோடு சிகிச்சை, மெத்தடோன், சுத்தமான ஊசி எல்லாவற்றுக்கும் அரசு பணம் போட்டது. வேலை செய்தது இந்த இரண்டும் சேர்ந்துதான். ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருந்த புதிய எச்ஐவி தொற்று பத்துப் பதினோரு ஆண்டுகளில் நூறுக்கும் கீழே வந்தது.

அப்படியானால் அமெரிக்காவின் ஓரிகனில் ஏன் தோற்றது?

ஓரிகன் மாநில மக்கள் 2020 நவம்பரில் வாக்களித்து, சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பதற்கான சிறைத் தண்டனையை 2021 பிப்ரவரியில் நீக்கினார்கள். சிகிச்சைக்கான பணமோ மாதக்கணக்கில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பிடிபட்டவர் கையில் அபராதச் சீட்டைக் கொடுத்து, உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அபராதம் ரத்து என்றார்கள். போன் செய்தவர்கள் மிகக் குறைவு. போர்ச்சுகலில் இருந்த அந்த மேசையும் மனிதர்களும் இங்கே இல்லை. அதே நேரத்தில் ஃபென்டனில் அந்த மாநிலத்துக்குள் நுழைந்தது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள்.

தண்டனையை எடுப்பது பாதி வேலை, அந்தப் பாதியை மட்டும் முதலில் செய்தார்கள் என்பது என் கருத்து. ‘தாராளவாதம் தோற்றது’ என்று ஒரு பக்கமும், ‘எல்லாம் ஃபென்டனிலால்தான்’ என்று இன்னொரு பக்கமும் எழுதின. மருத்துவமனைப் படுக்கை எத்தனை திறந்தது, எந்த மாதம் திறந்தது என்று எண்ணி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சில நாடுகளில் அரசே ஹெராயின் கொடுக்கிறதாமே?

சுவிட்சர்லாந்து 1994 முதல் கொடுக்கிறது. மற்ற எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மட்டும், பெரும்பாலும் மருத்துவமனைக்குள், செவிலியர் கண்முன்னால். 2008இல் பொதுவாக்கெடுப்பு வைத்தபோது 68 சதவீதம் பேர் இதைத் தொடரச் சொன்னார்கள். சூரிக் நகரப் பூங்காவில் பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்ட நாட்களைக் கண்ணால் பார்த்த மக்கள் அவர்கள்.

‘இத்தனை கோடி மதிப்புள்ள சரக்கு பிடிபட்டது’ என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

அந்த மதிப்பு பெரும்பாலும் மொத்தச் சரக்கையும் கலப்படம் செய்து, பொட்டலம் பொட்டலமாகத் தெருவில் விற்றால் வரக்கூடிய தொகை. கடத்தியவருக்கு உண்டான நஷ்டம் அதில் ஒரு துண்டு. எங்கள் மேசைக்கு இந்தச் செய்தி தயாராக, படத்தோடு வரும். நாங்களும் அப்படியே போடுவோம். பிடிபட்ட பிறகு தெருவில் விலை ஏறியதா, சிகிச்சை கேட்டு வந்தவர் எண்ணிக்கை மாறியதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. உலகில் போதைப் பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது என்கிறது ஐநாவின் 2024 அறிக்கை. அந்தப் பத்துப் பேரைப் படம் எடுக்க மேசைமேல் அடுக்கிவைக்க முடியாது.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2019இல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம், மற்ற போதைப்பொருள்களால் 6 லட்சம். எது எத்தனை பத்தி பெறுகிறது என்று உங்கள் பத்திரிகையில் எண்ணிப் பாருங்கள்.

‘போதை ஆசாமி’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

2010இல் ஜான் கெல்லி என்ற ஆய்வாளரும் அவர் சகாவும், ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனநலப் பணியாளர்களிடம் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேர் தாளில் ‘போதைப்பொருளைத் துர்ப்பிரயோகம் செய்பவர்’, மறுபாதியில் ‘போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. மற்றதெல்லாம் ஒன்றே. முதல் தாளைப் படித்தவர்கள், அவரைத் தண்டிக்க வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். இவர்கள் சிகிச்சை தருபவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல் தன் நடைக் கையேட்டை மாற்றி, மனிதரை ‘அடிமை’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்க வேண்டாம் என்றது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு போன். ஒரு நாள் இரவு, பதிப்பு முடியப் பத்து நிமிடம், ஒற்றைப் பத்திக்கு இடம். ‘போதை ஆசாமி பிணமாக மீட்பு’ என்று வைத்தேன். படத்துக்குச் சேமிப்பில் தேடினால் ஒரு கரண்டி, ஒரு ஊசி. அதே படத்தை அதற்கு முன் பத்துத் தடவையாவது போட்டிருப்போம். மறுநாள் மாலை ஒரு அம்மா அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. “தம்பி, அவன் ஏசி மெக்கானிக். ரெண்டு வருஷமா எதையும் தொடல. அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க எழுதினதுல அவன் யாருன்னே இல்லையே” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் போட ஆசிரியர் குழுவில் கேட்டேன், உண்மைப் பிழை ஏதும் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான், அந்தப் பத்தியில் ஒரு தகவலும் தப்பில்லை. அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

பயமுறுத்தும் விளம்பரங்களால் பிள்ளைகள் விலகி நிற்க மாட்டார்களா?

அமெரிக்கா இதற்கென்று 1998 முதல் ஏழெட்டு ஆண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. மதிப்பீடு செய்தபோது இளையோரிடம் கஞ்சாப் பழக்கம் குறைந்ததற்கான அடையாளம் இல்லை. எல்லோரும் செய்கிறார்கள்போல என்ற எண்ணம் சில பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள்.

மறுவாழ்வு மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்விகளை நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார்? மெத்தடோனோ பியூப்ரெனார்பினோ தருவீர்களா, வெளியே வாங்குபவரைச் சேர்ப்பீர்களா? குடும்பம் எப்போது பார்க்கலாம்? அவர் வெளியே போக விரும்பினால் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வந்த பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? மறுபடி பழக்கத்துக்குப் போய்விட்டால் சேர்த்துக்கொள்வீர்களா?

அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, பூட்டி வைப்பது எதுவும் சிகிச்சை அல்ல. 2012இல் ஐநாவின் 12 அமைப்புகள் சேர்ந்து, கட்டாயமாக அடைத்து வைக்கும் போதை மையங்களை மூடச் சொல்லி அறிக்கை விட்டன. ‘நூறு சதவீதம் குணம்’ என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்குள் நுழையவே வேண்டாம்.

எங்கள் வீட்டு ஆளைப் பற்றி ஒரு நிருபர் பேட்டி கேட்கிறார். கொடுக்கலாமா?

அவர் சம்மதித்தால் மட்டும். அந்தச் சம்மதத்தையும் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கேட்க வேண்டும், சிகிச்சையின் முதல் சில வாரங்களில் கேட்கவே வேண்டாம். அப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்பார்கள். பெயர் வருமா, முகம் வருமா, தலைப்பை யார் வைப்பார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தலைப்பு வைப்பது பேட்டி எடுத்தவர் அல்ல, என்னைப் போல் இரவில் உட்கார்ந்திருக்கும் வேறு ஒருவர். எனவே நிருபரிடம், உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். எப்படி ஊசி போட்டார், எவ்வளவு எடுத்தார் என்ற கேள்விகளுக்குப் பதில் தர வேண்டியதில்லை. அதைப் படித்து ஆசை கிளம்பி ஆடிப்போகிறவர்கள் மீண்டுகொண்டிருப்பவர்களே.

அண்ணனிடம் ஒருமுறை கேட்டார்கள். யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “டேய், ஊசி படம் போடக் கூடாதுன்னு சொல்லு. நான் வேலை செய்யறப்ப எடுக்கட்டும்.” நிருபர் சம்மதித்தார். காலை ஒன்பது மணிக்கே புகைப்படக்காரர் வந்துவிட்டார், அண்ணன் வாயில் மாத்திரை கரைந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் இருங்கள் என்று நான் சொன்னேன். அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.